பாடசாலைச் சுருதி

புதுக்கோட்டையில் சங்கீத பாடசாலை இருந்த கட்டடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நம் வயதுக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாற்காலிகள் இருக்கின்றன. ஏதோ அலுவலகத்தில் உடைந்துபோன நாற்காலிகளைக் கூடத்தில் கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வாசற்படியின் நடுவில் காலடிகளால் உண்டான பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. காவலாளி, "என்ன சார் பாக்கணும்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாடசாலையைத் தொடங்கியது அரண்மனை. கோயில்களுக்கு நாகஸ்வரக்காரர்கள் தேவைப்பட்டார்கள், விழாக்களுக்குப் பாடகர்கள் தேவைப்பட்டார்கள். விராலிமலை, இலுப்பூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து, அங்கேயே தங்கி, சாப்பிட்டு, படித்தார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு கல்யாணத்தில் மேளமோ பாட்டோ நன்றாக இருந்தால், அந்த ஆள் அந்தப் படியை மிதித்தவராக இருப்பார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு பாடசாலை சர்க்கார் கைக்கு வந்தது. மறு வருஷமே, ஓரளவு பாடத் தெரிந்த பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. பெண்கள் பள்ளிகளுக்குப் பாட்டு டீச்சர்கள் வேண்டியிருந்தார்கள். வருஷக் கடைசிப் பரீட்சையில் தேறினால் வேலை நிச்சயம் என்று பேச்சு.

அக்கா சேர்ந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. எங்கள் சித்தப்பா பொன்னமராவதியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பலசரக்குக் கடைக்காரர். அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, எதையும் இரண்டு வரியில் முடிப்பவர்.

"பாஸானா வேலைக்குப் போ. இல்லேன்னா சித்தப்பா சொல்ற எடம்."

அக்கா சரி என்றாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் போய்த்தான் நின்றது.

எங்கள் ஊர் இலுப்பூர்ச் சாலையில் இருந்தது. வயசுப் பெண் தனியாகப் பஸ்ஸில் போகக் கூடாது, ஆண் துணை வேண்டும் என்றார்கள். அந்த ஆண் நான். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமென்று என்னை மிருதங்க வகுப்பில் சேர்த்தார்கள். காலையில் ஊர்ப் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்கு மேல் பாடசாலை. மிருதங்க வகுப்பில் முதல் வருஷம் மிருதங்கத்தைத் தொட விடமாட்டார்கள். ஆளுக்கொரு பலகை. அதில் தா தி தொம் நம் என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் பலகை ஏதோ ஒரு பழைய கதவிலிருந்து அறுத்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. விரல் அதில் மாட்டும்.

கண்டக்டர் எங்களைக் கண்டதும், "பாட்டு டீச்சரும் பாடிகார்டும் ஏறியாச்சு, போலாம் ரைட்" என்பார். பஸ்ஸில் நாலு பேர் சிரிப்பார்கள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளும் சிரிப்பது கன்னத்தில் தெரியும்.

பாட்டுக் கூடம் நீளமானது. தோல் வாசனை, மிருதங்கத்துக்கு அப்பும் ரவைப் பசை புளித்த வாசனை, மேலே வௌவால் வாசனை, இதற்கெல்லாம் நடுவில் சாம்பிராணி. தெற்குச் சுவரோரம் பெரிய தம்புரா நின்றது. அரண்மனை கொடுத்தது. கழுத்து நெடுகத் தந்தத்தில் கொடி வேலைப்பாடு. தலைமை ஆசிரியரை எல்லோரும் பெரிய வாத்தியார் என்றுதான் சொல்வோம். அவர் காலையில் சூடம் காட்டிவிட்டு அதில் சுருதி கூட்டுவார். பிறகு நாள் முழுக்க அதன் முறுக்காணியில் யாரும் கை வைக்கக் கூடாது. அதே சுருதிக்கு ஒரு சுருதிப் பெட்டியும் செய்து வைத்திருந்தார்கள். துருத்தியில் விழுந்த ஓட்டையை சமஸ்தானத்துச் செப்புக் காசான அம்மன் காசு ஒன்றை வைத்து அரக்கால் ஒட்டியிருந்தார்கள். பெட்டி மூச்சு விடும்போதெல்லாம் அந்தக் காசு ஏறி இறங்கும்.

ஒரு கட்டை. அதுதான் பாடசாலைச் சுருதி. தொடங்கிய நாளிலிருந்து மாறாதது. வெளியூர் மேடையில் ஒருவர் உட்கார்ந்தால், சுருதியை வைத்தே நம் பிள்ளை என்று சொல்லிவிடலாம் என்பது அவர்களுக்குப் பெருமை.

சங்கீதப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். சுருதி என்பது பாட்டு நிற்கிற தரை. கட்டை என்பது அந்தத் தரையின் உயரத்தைச் சொல்லும் கணக்கு. ஆண் குரலுக்கு ஒரு கட்டை தோதான தரை. பெண் குரல்கள் பெரும்பாலும் ஐந்து கட்டைப் பக்கம்தான் நிற்கும். ஆண்களின் தரையில் பெண்ணை நிறுத்தினால், கீழே போகும்போது குரல் வெறும் காற்றாகிவிடும். மேலே போனால் கத்தலாகிவிடும். பெரிய வாத்தியார் அதுவரை ஒரு பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவருடைய வாத்தியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பையன்களோடு சேர்ந்து பாடும்போது பெண்களின் குரல் அடியில் எங்கோ கிடந்தது. அதை அவர் அடக்கம் என்று நினைத்தார். ஒருமுறை அப்பாவிடம், "ஒங்க பொண்ணுக்கு நல்ல ஞானம். அடக்கமாப் பாடுது" என்று சொன்னார். அப்பா அதை வீட்டில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு பெண்கள் சேர்ந்ததில் இரண்டு பேர் தைக்குள் நின்றுவிட்டார்கள். அக்காவும் போஸ்ட் மாஸ்டர் மகளும் மிஞ்சினார்கள். போஸ்ட் மாஸ்டர் மகளுக்கு இயற்கையிலேயே கனத்த குரல். அவள் படியேறினால் பையன்கள், "வாங்க மாமா" என்பார்கள்.

"மாமான்னா வெறுங்கையோடயா கூப்புடுவாங்க? தேங்காய் பழம் எங்கடா?" என்று அவள் அதே குரலில் கேட்பாள். கேட்டவன் ஓடிவிடுவான்.

அக்கா ஒருநாள் பெரிய வாத்தியாரிடம் நேரே கேட்டுவிட்டாள். "ஐயா, எனக்கு மட்டும் சுருதியக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கலாமுங்களா?"

அவர் கோபப்படவில்லை. "நீதாம்மா சுருதிகிட்ட வரணும். சுருதி ஒங்கிட்ட வராது" என்றார். மற்றவர்கள் அதை நல்ல வாக்கியம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக் கண்மாய்க் கரையோடு நடக்க வேண்டும். அங்கே அக்கா பாடுவாள். அன்று வகுப்பில் பாடிய அதே உருப்படிதான். ஆனால் குரல் வேறு. அதைப் பெரிதாக வர்ணிக்க எனக்கு வராது. ஆடு மேய்ப்பவர் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவார் என்பதை மட்டும் சொல்லலாம். "தாயி, அந்தக் கடைசி அடிய இன்னொருக்காச் சொல்லு" என்பார். அக்கா சொல்வாள். ஆடுகள் அதற்குள் பக்கத்து வயலில் இறங்கியிருக்கும். வயல்காரர் அங்கிருந்து ஏசுவார்.

அப்பாவிடம் நான் சொன்னேன். "அக்கா ரோட்டுல நல்லாப் பாடுதுப்பா. அங்க போனாத்தான் வர மாட்டேங்குது."

"ரோட்டுல எல்லாரும் நல்லாத்தாண்டா பாடுவாங்க" என்றார் அப்பா.

பாடசாலையில் இன்னொருவர் இருந்தார், சின்ன வாத்தியார். தற்காலிக வேலை. பெரிய வாத்தியார் ஊரில் இல்லாத ஒரு நாள், அவர் பெரிய தம்புராவை எடுத்து வைத்துக்கொண்டு, பெண்களுக்காகச் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நாங்கள் பலகையைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அவர் காதைக் குடத்தோடு வைத்துக்கொண்டு முறுக்காணியைத் திருப்பினார். தந்தி அறுந்தது. சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் சமையல் கட்டிலிருந்துகூட ஆள் வந்து எட்டிப் பார்த்தார். ஆண் குரலுக்குச் செய்த தம்புரா. அதன் தடித்த தந்தி அந்த உயரத்துக்குப் போகாது. சின்ன வாத்தியாரின் புறங்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. "தானா அறுந்துச்சுன்னு சொல்லுங்கப்பா" என்றார். அப்படியே சொன்னோம்.

எங்கள் மிருதங்க வகுப்பை ஒட்டி ஒரு அறை இருந்தது. அரண்மனைச் சாமான்களை அதில் வைத்துப் பூட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். எது அரண்மனைக்கு, எது சர்க்காருக்கு என்று பாகம் முடியாததால் யாரும் திறக்கக் கூடாது. ஜன்னல் பலகை ஒன்று உடைந்திருந்தது. முட்டி போட்டால் உள்ளே தெரியும். நவராத்திரிக் கொலுப் பொம்மைகள். ராஜா, ராணி, குதிரைக்காரன், தொப்பையோடு செட்டியாரும் அவர் மனைவியும். செட்டியாருக்குப் பின்னால் சுவரில் சாய்த்தபடி ஒரு சின்னத் தம்புரா. என் மார்பு உயரம் இருக்கும். அதன் குடத்தில் கிளிப்பச்சை வர்ணம். அது குழந்தைகளுக்காகச் செய்தது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். பாகம் முடிந்ததும் எங்களுக்குத்தான் தருவார்கள் என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய வாத்தியாருக்குத் தெரியாமல்தான் வந்திருக்க வேண்டும். வந்ததும் தண்ணீர் கேட்டார். நாங்கள் ஆத்தா என்று கூப்பிடும் எங்கள் அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, சீல் வச்ச ரூம்ல ஒரு சின்னத் தம்புரா இருக்குங்க. அத மட்டும் எடுக்க ஏற்பாடு பண்ணீங்கன்னா பொண்ணுகளுக்குத் தனியா சுருதி கூட்டிரலாம்."

"சீல் வச்சதே நான்தானுங்களே. உள்ள இருக்கிறது பூராம் கொலுச் சாமான்."

"தம்புரா இருக்குங்க."

"பொம்மைத் தம்புரா. செட்டியாரு பொம்மைக்குப் பின்னால இருக்கும். அந்தப்புரத்துக் கொலுவுல இருந்து வந்துச்சு, நானே தூக்கி வச்சேன். பிள்ளைய எறக்கி வைக்கிற மாதிரி இருந்துச்சு."

"வாசிக்கிறதுதாங்க. தந்தியெல்லாம் இருக்கு."

"செட்டியாரு பொம்மைக்கு முன்னாலகூடத்தான் அரிசி பருப்பெல்லாம் இருந்துச்சு. அதுக்காக அவரு யாவாரம் பண்றாருன்னு எழுத முடியுமா?"

ஆத்தா சிரித்துவிட்டாள். சின்ன வாத்தியாரும் சிரித்தார். காப்பி கொண்டுவந்த அக்கா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"ஒங்க பொண்ணு கொரலு ஒரு கட்டையில நிக்காதுங்க" என்றார் அவர், சிரிப்பு முடிவதற்குள்.

"பெரியவரு அப்படிச் சொல்லலையே. நல்ல ஞானம்னுல்ல சொன்னாரு."

"ஞானம் இருக்குங்க. அதுக்கு எடம் வேணும்."

"சீலை ஒடைக்கணும்னா கலெக்டர் வரைக்கும் போகணும் வாத்தியாரே. ஒரு பொம்மைக்காக அவரு முன்னால போயி நிக்கச் சொல்றீங்களா?"

சின்ன வாத்தியார் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். தற்காலிக வேலையில் இருப்பவர் அதற்கு மேல் எவ்வளவு பேச முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

பரீட்சை பங்குனியில் நடந்தது. வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்தார். கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர், கையில் பிளாஸ்க். நல்ல மனிதர். பதில் சொல்ல முடியாத பையன்களைக்கூட, "பரவால்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அப்பா லீவு போட்டுவிட்டு வந்து தாழ்வாரத்தில் நின்றிருந்தார். நாங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

முதலில் போஸ்ட் மாஸ்டர் மகள் பாடினாள். அந்தக் கனத்த குரல் ஒரு கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பரீட்சகர் தொடையில் தாளம் போட்டார்.

அடுத்து அக்கா. ராகங்களைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தவறில்லாமல் பதில் சொன்னாள். பிறகு பாடச் சொன்னார்கள். கீழே இறங்கிய இடங்களில் உதடு மட்டும் அசைந்தது. தம்புராதான் கேட்டது. பரீட்சகர் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் மேல போம்மா."

அக்கா மேலே போனாள். வந்தது அவளுடைய குரல் இல்லை. சொம்பைக் கல்லில் வைத்துத் தேய்ப்பது போல இருந்தது. பையன்களில் ஒருவன் சிரித்தான். போஸ்ட் மாஸ்டர் மகள் அவனைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அக்கா தண்ணீர் குடிக்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை. மறுபடி அதே இடத்துக்குப் போனாள். மறுபடி அதே சத்தம். மூன்றாவது தடவை போகவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பரீட்சகர் பெரிய வாத்தியார் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கூடத்தில் தணிந்த குரல் என்று எதுவும் கிடையாது.

"ஞானம் இருக்கு. சாரீரம் இல்லை."

சாரீரம் என்றால் பாடுவதற்கான குரல். "நானும் அதான் நெனச்சேன்" என்றார் பெரிய வாத்தியார். தாழ்வாரத்தில் அப்பா தலையை ஒருமுறை ஆட்டினார். மாற்றல் உத்தரவைப் படித்துக் காட்டும்போது குமாஸ்தாக்கள் ஆட்டுவது போல. சின்ன வாத்தியார் தம்புரா மீட்டிக்கொண்டிருந்தார். பரீட்சகர் நிறுத்தச் சொல்லும் வரை மீட்டினார்.

அன்றைக்கும் கண்டக்டர், "பாட்டு டீச்சரும் பாடிகார்டும் ஏறியாச்சு" என்றார். பின்னால் அப்பா ஏறுவதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. கண்மாய்க் கரையில் மூன்று பேரும் வரிசையாக நடந்தோம். ஆடு மேய்ப்பவர் எழுந்து நின்றார். அப்பா இருந்ததால் பாடவில்லை என்று நினைத்திருப்பார்.

வீட்டில் ஆத்தா கேட்டாள். "என்னடி சொன்னாங்க?"

"சாரீரம் இல்லையாம்."

"அப்படின்னா?"

"கொரல் இல்லையாம் ஆத்தா."

ஆத்தா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இவ்வளவு நாளா இந்த வீட்டுல யாருடி பாடுனது?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சித்தப்பாவுக்கு அவர் எழுதிப்போட்ட கார்டை மறுநாள் நான்தான் தபால் பெட்டியில் போட்டேன்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "பாட்டுப் படிச்ச பொண்ணாமே, ஒண்ணு பாடு தாயி" என்றார்கள். அக்கா, "எனக்குச் சாரீரம் இல்லீங்க" என்றாள். கால் வலிக்கிறது என்பதைப் போல, சாதாரணமாகச் சொன்னாள். மச்சானைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கடையில் ரேடியோ வாங்கி வைத்தார். பாட்டு வரும் நேரத்தில் அக்கா உள்கட்டுக்குப் போய்விடுவாள் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

போஸ்ட் மாஸ்டர் மகளுக்குப் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்த சுருதி ஒன்றுதான். அவரிடம் படித்தவர்களில் எத்தனை பேருக்குச் சாரீரம் இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது.

நான் பலகையை விட்டு வேறு படிப்புக்குப் போனேன். பிறகு பத்திரிகையில் சேர்ந்தேன். அறுபதுகளில் திருச்சியில் ஒரு கச்சேரியைப் பற்றி எழுத அனுப்பினார்கள். பாடியவர் பெண். அவருக்குப் பின்னால் ஒரு தம்புரா. மார்பு உயரம்.

"தம்புரா சின்னதா இருக்கே" என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம்.

"பொம்பளைங்க சுருதிக்கு அதுதானே சார்" என்றார். அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாடசாலையில் முத்திரை வைத்திருந்த அந்த அறையைத் திறந்துவிட்டார்களா என்று விசாரித்தேன். எப்போதோ திறந்திருந்தார்கள். பொம்மைகள் ஒரு பக்கம் போயின, மற்றவை வேறு பக்கம் போயின. கிளிப்பச்சைக் குடம் வைத்த தம்புரா எந்தப் பக்கம் போனது என்று சொல்ல ஆள் இல்லை. அதை யாரும் தேடவும் இல்லை, பொம்மைகளைத்தான் தேடினார்கள். ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அது வாசிக்கிற தம்புராதான், பெண்களுக்கானது என்றேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா" என்றார். சிறிது நேரம் கழித்துப் பக்கத்தைத் திருப்பினார்.

பல வருஷம் கழித்து என் மகள் பாட்டுக் கற்றுக்கொண்டாள். மின்சாரத்தில் ஓடும் சுருதிப் பெட்டி அப்போது புதிதாக வந்திருந்தது. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். ஒரு குமிழைத் திருகினால் கட்டை மாறும். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு சாயங்காலம் மகள் அதை எடுத்து முன்னால் வைத்தாள்.

"அத்தை, ஒங்க கட்டை என்ன?"

"ஒண்ணு" என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை.

மகள் ஒன்றில் வைத்தாள். அக்கா ஸ பிடிக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. "எனக்கு வராதும்மா" என்று சொல்லிவிட்டு, நறுக்கிக்கொண்டிருந்த கீரையைப் பார்த்துக் குனிந்தாள். மகள் குமிழை மெல்லத் திருகிக்கொண்டே போனாள். ஐந்தில் நிறுத்தினாள்.

கீரையிலிருந்து தலையை எடுக்காமலேயே அக்கா ஒரு ஸ பிடித்தாள். பிரிமனையில் பானை உட்கார்வது போல அது போய் உட்கார்ந்தது. கண்மாய்க் கரையில் கேட்ட குரல். வயசு ஏறியிருந்தது, அவ்வளவுதான். நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன்.

அவளும் நிறுத்திவிட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

"இது யாரு சுருதி?"

"ஒங்களோடதுதான் அத்தை."

அக்கா கையிலிருந்த கீரைத் தண்ணீரை முந்தானையில் துடைத்தாள். பெட்டி அதன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுலயே வச்சுரு" என்றாள்.